கொம்பும் கம்பியும்

ஜூன் 11, புதன்

எழுத்து கோணலாகத்தான் வருகிறது, மன்னிக்கணும். பெண்டு எடுக்காத சக்கரம் போல வரிக்கு வரி ஆடுகிறது. மந்தைவெளியில் சைக்கிள் கடை வைத்தே கிழவனானவனுக்கு இந்தக் கோட்டத்தை எடுக்கத்தான் தெரியவில்லை.

ஜொவிட்டா டீச்சர் இன்று முதியோர் வகுப்புக்கு நடந்து வந்தார்கள். பள்ளத்தில் விழுந்து சைக்கிளின் பின்சக்கரம் நொறுங்கிவிட்டதாம். அடையாறு வகுப்பை முடித்து இங்கே வர அவர்களுக்குச் சைக்கிள்தான் தோது. “சக்கரம் ரெடியாகிற வரைக்கும் நம்ம வகுப்பு லீவுதான் ஐயா.”

லீவா? உயிரெழுத்தில் கடைசி இன்னும் பாக்கி! நானே கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 12

ரிம் புதுசு. ஹப்பும் புதுசு, பழையதைவிடப் பெரியது. பழைய கம்பி இதற்கு நீளம், பொருந்தாது. எப்போதும் மாதிரிக் கம்பியைக் காட்டித்தான் வாங்குவேன். இதற்கு மாதிரி ஏது?

ஹப்பை ரிம்முக்கு நடுவில் நிறுத்தி, கம்பி போகிற சாய்விலேயே ஓட்டைக்கு ஓட்டை நூல் இழுத்து டேப்பில் வைத்தேன். 264 மில்லி. நானே படித்தேன்! கம்பியின் தலைக்கும் வளைவுக்கும் ஆறு சேர்த்து, சீட்டில் 270 என்று எழுதி, ஷரஃபுதீன் பாயின் சைக்கிள் பார்ட்ஸ் கடையில் நீட்டினேன். அளவை வாயால் சொல்லவே இல்லை, என் எழுத்தே சொன்னது.

ஜூன் 14

ஐயோ. இறுக்க இறுக்க எல்லாக் கம்பியும் ரிம்மைத் தாண்டி எட்டிப் பாக்குது. ட்யூபைக் குத்திடும். என் பெண்டாட்டி தேவானைக்கு ஒரே சிரிப்பு. “இன்னாய்யா, டீச்சருக்கு முள்ளம்பன்றி கட்டிக்கினு கீறியா?”

நூலா பொய் சொல்லும்? அப்போ — நானா?

ஜூன் 15

மனசு ஆற அவள் பெயரை எழுதினேன். தேவானை. முதலில் கொம்பைத் தனியாகப் படித்து ‘ஏதவானை’ என்பேன். டீச்சர் சொல்வார்கள்: “கொம்பு முன்னாடி நிக்கும் ஐயா, ஆனா தனியா சத்தம் போடாது.”

அட! கம்பியின் வளைவும் கொம்புதானே? ஹப் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதைப் போய்த் தனியாக எண்ணியிருக்கிறேன்!

பாய் கடைக்கு ஓடினேன். “ஆமா நைனா, வளைவுக்கு உள்ளேருந்துதான் அளவு. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“கொம்பைத் தனியாப் படிச்சுட்டேன் பாய்” என்றேன். முழித்தார். 264 வாங்கி வந்தேன்.

ஜூன் 18, புதன்

டீச்சர் மணி அடித்துக்கொண்டே வந்தார்கள். சக்கரத்தில் துளி ஆட்டம் இல்லை. தேவானை அதைச் சுற்றிவிட்டு, “உன் எழுத்துதான் இன்னும் ஆடுது” என்றாள்.

இன்று கடைசி எழுத்து. ஔ. ஒ-வும் ள-வும் ஒட்டி நிற்கின்றன. தனித்தனியாகப் படிக்க மாட்டேன், பட்டது போதும். அடுத்த வாரம் இங்கே இன்னொரு ஔ எழுதுவேன். பெண்டு எடுத்து.