ஆணியில் தொங்கிய மூடி

அன்று நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: “அக்கா, இது எண்ணெய்த் தீக்கு ஆகாது. சட்டி பத்திக்கிச்சுன்னா கேஸை அடைச்சிட்டு மூடியப் போட்டு மூடிடுங்க.” சொல்லப் பத்து விநாடி கூட ஆகியிருக்காது. அதற்குப் பதிலாக, “அழகா இருக்குக்கா” என்றேன்.

இன்று எங்கள் கடைக்கு வருடாந்திரச் சோதனைக்காக வந்த தீயணைப்பான்களில் ஒன்றின் கழுத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. யாரோ ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஈரத் துணியால் துடைத்தேன். சந்தன வாடை எழுந்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

சுங்கை பினாங்கில், எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நீங்கள் பலகாரம் சுட்டு விற்றீர்கள். சனிக்கிழமைகளில் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். நான் படித்துக்கொண்டிருப்பேன். உடைந்த முறுக்குகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அந்தக் கதையில யாராச்சும் சாப்பிடுறாங்களா, இல்ல அழுதுகிட்டேதான் இருக்காங்களா?” என்பீர்கள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டீர்கள். என்னைப் பேச வைத்தே தீருவது என்று முயலாத ஒரே ஆள் நீங்கள்.

தீயணைப்பான் விற்கும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்கள் அடுப்புகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. சமையல் எண்ணெய்த் தீக்கென்றே தனி வகை உண்டு, எங்கள் கடையிலேயே கிடைக்கும் என்றேன். உங்களிடம் வேலை செய்த இரண்டு பெண்களைப் பார்த்து, “சாப்பிட வாடின்னு கூப்பிட்டா, சாமான் விக்க வந்துட்டா” என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இனி உங்களிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று வீட்டுக்குப் போகும்போது முடிவு செய்துகொண்டேன்.

சில மாதங்கள் கழித்து உங்கள் தம்பி, இடம் மாறிய தன் அலுவலகத்திலிருந்து ஒரு தீயணைப்பானைக் கொண்டுவந்து கொடுத்தார். கரியமில வாயு நிரப்பியது. கறுப்புக் கூம்பு வைத்தது. கணினி அறைக்கு நல்லது. எரியும் எண்ணெய்மேல் அடித்தால், அது பாயும் வேகமே எண்ணெயைச் சட்டியிலிருந்து வாரி இறைத்துவிடும். உங்களுக்கு அதைப் பிடித்துப்போன காரணம் வேறு. “மத்ததுல வர்ற பொடிய அடிச்சா பலகாரமெல்லாம் குப்பைக்குத்தான் போவும். இது வெறும் காத்து லா. சுத்தமா இருக்கும்.”

ஆயுத பூஜையன்று அரவை இயந்திரத்துக்கும் தராசுக்கும் நடுவில் அதை நிறுத்தி மாலை போட்டிருந்தீர்கள். எந்தத் தீக்கு அடிக்கலாம் என்று படம் போட்டிருந்த ஒட்டுத்தாளின் மேலேயே சந்தனம் பூசி, மூன்று குங்குமப் பொட்டும் வைத்திருந்தீர்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் என் பக்கம் திரும்பினீர்கள்.

“இப்ப திருப்தியா உனக்கு?”

அது கேலியில்லை என்று இப்போது தெரிகிறது. என் பேச்சைக் கேட்டுத்தான் அதை வைத்திருக்கிறீர்கள் என்று காட்டினீர்கள். எனக்கோ அந்தப் பழைய சிரிப்புதான் காதில் இருந்தது. குறை சொன்னால் மறுபடியும் விற்க வந்தவள் ஆகிவிடுவேன் என்று நினைத்து, “அழகா இருக்குக்கா” என்றேன். ஆனால் மூடியை யாரும் உங்களுக்கு விற்க வேண்டியிருக்கவில்லை. அது அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது கடைக்கு யார் வந்தாலும் சொல்லிவிடுகிறேன். “வாங்க வந்தவங்ககிட்ட சட்டி மூடியப் பத்திப் பேசுறியேமா” என்று முதலாளி சலித்துக்கொள்கிறார். முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு எளிதாக வருகிற பேச்சு அன்று உங்களிடம் வரவில்லை. உங்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தப் பெண்கள் முன்னால் நீங்கள் என்னைக் கேலி செய்திருக்க வேண்டாம். இரண்டு கோபத்தில் எது பெரியது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தபோது, காலை பதினொரு மணிக்கு உங்கள் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. அந்த இரண்டு பெண்களையும் வெளியே அனுப்பிவிட்டு, தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கி, சட்டிக்கு அருகில் போய் அழுத்தினீர்கள். கருவி பழுதில்லாமல் வேலை செய்தது. எண்ணெய் உங்கள்மேல் வந்தது. பக்கத்து முடிவெட்டும் கடைக்காரர் ஓடிவந்து கேஸை அடைத்து, ஆணியிலிருந்த மூடியை எடுத்துச் சட்டியை மூடினார். தீ அணைந்தது. தீபாவளிக்கு மறுநாள் மருத்துவமனையில் நீங்கள் இறந்தீர்கள்.