கூரைக்கு மேல் ஒரு குழாய்

1963 ஜூலை 8, திங்கள்

பகலில் நான் தறியில் இருக்கும்போது ஒரு பெண் வீட்டுக்குள் வந்தாள். பெயர் அங்கம்மாள், கூரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், சர்க்காரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தரும் சேவிகா வேலை. நேராக அடுப்படிக்குப் போய்க் கயிறு வைத்து அடுப்பை அளந்தாள். புகையில்லா அடுப்பு போட்டுத் தருவார்களாம். புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடுமாம்.

அடுப்பை அளக்க வந்தவள் போகும்போது தறியை எதற்குப் பார்க்க வேண்டும்? "ஜரிகை நல்லா மின்னுதுண்ணா" என்று வேறு சொன்னாள். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த வருஷம் இது. எந்த வீட்டில் எவ்வளவு ஜரிகை இருக்கிறது என்று பார்க்க ஆள் விட்டிருக்கிறார்களா? பக்கத்து வீட்டுக் கண்ணாயிரமும் அதையேதான் சொன்னான்.

ஜூலை 9

என் வீட்டுக்காரி மணியம்மாள் நேற்று அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்தாளாம். எனக்கு மோர் தீர்ந்துவிட்டது என்றாள்.

ஜூலை 20, அமாவாசை

தறிக்கு விடுமுறை. மணியம்மாளின் இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "விறகுப் புகை ஆகாது. அடுப்பை மாத்துங்க" என்றார். இருமலுக்கு மருந்து கேட்டால் அடுப்பைப் பற்றிப் பேசுகிறார். இவருக்கும் அந்தச் சேவிகாவுக்கும் ஏதாவது பழக்கம் இருக்குமோ?

முன்பெல்லாம் மணியம்மாள் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். கொஞ்ச நாளாகச் சிரிப்பதே இல்லை. என் மேல் ஏதோ மனத்தாங்கல். ஐயம்பேட்டையில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட வழி பார்க்கிறாளோ? இருமலும் அதற்காகத்தானோ—

ஆகஸ்ட் 3

மனசு சரியில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு அரக்குக் கரைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்குக் கோர்வை ஆள் மணியம்மாள்தான். இந்தச் சேலையில் இருமி இருமி அங்கங்கே நாடாவைத் தவறவிட்டிருக்கிறாள். முதலாளி கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த பாவுக்கு வேற ஆள் வெச்சுக்கோ சம்பந்தம். இல்லன்னா கோர்வையே உனக்கு வேணாம்" என்றார்.

வேறு ஆளா? நான் மிதியை மிதிக்கும்போதே அவள் கை வந்து நிற்கும். இன்னொருவரோடு எனக்கு நெய்ய வராது.

வீட்டுக்கு வந்து, என் மேல் என்ன கோபம் என்று நேராகவே கேட்டுவிட்டேன். "சிரிச்சா இருமல் வருதுங்க. அதனால சிரிக்கிறதையே வுட்டுட்டேன். கோவம்லாம் ஒண்ணுமில்ல. அந்த அடுப்புக்காரம்மாவ வரச்சொல்லி அனுப்பிச்சிட்டேன், நீங்க இன்னா வேணா நெனச்சுக்குங்க" என்றாள்.

வரட்டும். ஆனால் வேலை முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அடுப்பு போட்டாகிவிட்டது. மண்ணும் சாணியும் குழைத்து, ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரம் வேகும்படி இரண்டு வாய். பின்னால் சுட்ட மண் குழாய். ஓட்டைப் பிரித்துக் குழாயை மேலே விட்டாயிற்று. நல்லாயிருந்த கூரை.

அங்கம்மாள் மூன்று விஷயம் சொன்னாள். விறகை விரல் கனத்துக்குப் பிளக்க வேண்டும். இரண்டாவது வாயின் மேல் எப்போதும் பாத்திரம் இருக்க வேண்டும். குழாய் அடையாமல் துடைக்க வேண்டும். "இதுல எத வுட்டாலும் புகை உள்ளதாண்ணா வரும்."

"இதுல உனக்கு இன்னாம்மா கெடைக்குது?" என்று கேட்டேன்.

"சம்பளம்ணா. அது நீங்க அடுப்பு போட்டாலும் வரும், போடலன்னாலும் வரும்."

பதில் சரியாகத்தான் இருக்கிறது. இவ்வளவு சரியாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆகஸ்ட் 14

சோறும் குழம்பும் ஒன்றாகவே இறங்கிவிட்டன. ஊதுகுழலை அவள் கையில் எடுக்கவே இல்லை. சோற்றில் ஏதாவது மண்வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 21

நாளை விடியற்காலை, தறியில் ஏற்ற வேண்டிய வெள்ளை நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டப்போகிறோம். கண்ணாயிரம் குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுலருந்து கரி பறந்து வந்து பாவு மேல வுழுந்தா இன்னாபா செய்வ?" என்றான். அதை ஏன் அந்தப் பெண் சொல்லவில்லை? மறைத்தாளா? விடிவதற்கு முன்னால் ஏறிக் குழாய் வாயில் கோணியைத் திணித்துவிடுகிறேன். பாவைச் சுருட்டியதும் எடுத்துவிடலாம். மணியம்மாளிடம் சொன்னால் வாதம் செய்வாள்.

ஆகஸ்ட் 22

எழுத வரவில்லை. பாவுக்காரர்களுக்குக் காப்பி போட அவள் அவ்வளவு சீக்கிரம் அடுப்பு மூட்டுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தெருக்கோடியில் பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஓட்டிடுக்கு எல்லாவற்றிலும் புகை. பாவைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்படி வாசலில் கிடந்தாள். மூச்சை இழுக்கிறாள், உள்ளே போகவில்லை. உதடு நீலம். ரிக்ஷாவில் என் தோள்மேலேயே— சாமி, நான் பண்ண வேல இது. நாந்தான் பண்ணேன்.

ஆகஸ்ட் 24

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது அங்கம்மாள் வாசலில் நின்றாள். குழாயிலிருந்து எடுத்த கோணியை என் கையில் கொடுத்தாள். கறுத்துப்போயிருந்தது. ஏன் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மணியம்மாளிடம் நானே சொல்லிவிட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 6

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு மாசம் வேலையே செய்யக்கூடாது. தறி சும்மா கிடக்கிறது. சமையல் நான்.

அங்கம்மாள் சொன்ன மூன்றில் எது தேவையில்லாதது என்று கண்டுபிடிக்க, மணியம்மாளை வாசலில் உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். விறகைப் பிளக்காமல் வைத்தேன். புகை. இரண்டாவது வாயைத் திறந்து வைத்தேன். புகை. கண்ணெல்லாம் எரிந்து, தொண்டை கட்டி, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். இதற்குள்ளேதான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். நான் பத்தடி தள்ளி ஜரிகைக்குப் புகை படாமல் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதை விட்டுப் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

செப்டம்பர் 19

இரண்டாவது வாயில் வெந்நீர்ப் பானையாவது எப்போதும் இருக்கிறது. சோறு குழையவில்லை. குழம்பில் உப்புதான் தெரியமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 20

மழை. குழாயைச் சுற்றி ஒழுகுகிறது. அந்தப் பெண் மாட்டிக்கொண்டாள் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஆள் விட்டேன். அங்கம்மாள் வந்து பார்த்துவிட்டு, "இது என் தப்புண்ணா. குழாயச் சுத்தித் தகரம் வெச்சிருக்கணும், மறந்துட்டேன்" என்றாள். நனைந்துகொண்டே ஏறிச் சரிசெய்தாள். ஏமாற்ற வந்தவள் தன் தப்பென்று சொல்வாளா?

இறங்கியதும் மோர் கொடுத்தேன். நானே கரைத்தது.

நவம்பர் 7

மணியம்மாள் கோர்வைக்கு உட்கார்ந்தாள். நான் மிதிக்கும்போதே கை வந்துவிட்டது. முதலாளி கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த பாவையும் கோர்வைக்கே கொடுத்தார்.

நவம்பர் 24, ஞாயிறு

இரண்டு நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாயிரத்தின் பெண்டாட்டி பூவம்மாள் இருமுகிறாள். அந்த இருமல் எனக்குத் தெரியும். சாயங்காலம் போய் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அடுப்பு, குழாய், விரல் கனத்து விறகு, இரண்டாவது வாய். அங்கம்மாளை நானே அழைத்து வருகிறேன் என்றேன்.

கண்ணாயிரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தான். "அது சரிபா சம்பந்தம். இதுல உனக்கு இன்னா கெடைக்குது?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து மணியம்மாளிடம் சொல்லித் தீர்த்தேன். "நல்லதுக்குச் சொன்னா சந்தேகப்படறான். இவன்லாம் ஒரு மனுஷனா?"

அவள் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இருமல் வரப்போகிறது என்று நான் ஓடிப்போய்த் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொம்ப எதுக்குங்க வெச்சிக்கினு நிக்கறீங்க?"