உங்கம்மாளுக்கு இந்த ஊட்டுல மூச்சு முட்டக்கூடாதாம்

பீளமேடு,
28-12-1995

அன்பு மகள் புவனாவுக்கு அப்பா எழுதறது. நாக்பூர்க் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பையனும் சௌக்கியமா இருக்கோணும்னு அவிநாசியப்பனை வேண்டிக்கறேன். இங்க நான் நல்லாயிருக்கேன். உங்கம்மாவும் நல்லாயிருக்கான்னு எழுதத்தான் ஒக்காந்தேன் அம்மணி, கை வரமாட்டேங்குது.

கார்த்திகைக் குளிர் தொடங்குனதுலயிருந்து அவளுக்கு இளைப்பு ஜாஸ்தி. அது தெரிஞ்சு ஊட்டுக்காரர் திருமூர்த்தி வந்து காலி பண்ணச் சொன்னதைப் போன கடுதாசியில ரெண்டு வரியில எழுதியிருந்தேன், முழுசா இப்பக் கேளு. ஒக்காந்து காப்பியும் குடிச்சுப்போட்டு, ஏனுங்க தப்பா நெனைக்காதீங்க, வயசானவங்க உசுரை யாரும் சொல்ல முடியாதுங்க, அடைப்பு நட்சத்திரத்துல ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஊட்டை ஆறு மாசம் பூட்டிப்போடோணுமுங்க, அப்பறம் ஒருத்தரும் குடி வரமாட்டாங்க, அம்மாவை உங்க தாராபுரத்துக்கே கூட்டிட்டுப் போயிருங்கன்னாரு. எத்தனை ‘ங்க’ போட்டா என்ன? மரியாதையா அறைஞ்சா கன்னம் வலிக்காதா? தாராபுரத்துல நமக்கு என்ன இருக்குது, பங்காளிக கைக்குப் போன ஊட்டுல போயிப் பாய் விரிக்கறதா?

உள்ள படுத்திருந்தவ அத்தனையும் கேட்டுப்போட்டா. அன்னையிலிருந்து இருமல் வந்தா முந்தானையை வாயில அடைச்சுக்கறா. டாக்டரை ஊட்டுக்குக் கூப்பிடக்கூடாதாம், ஊட்டுக்காரங்க பாத்துருவாங்களாம். போன வாரம் மூச்சு முட்டுனப்பக்கூட வாசல்ல ஆட்டோ நிக்கக்கூடாதுன்னு, நான் சொல்லச் சொல்லக் கேக்காம, பின்பக்கச் சந்து வழியா மெயின்ரோட்டுக்கு நடந்தா. பஸ் ஸ்டாப்புகிட்ட மடங்கி உழுந்துட்டா. பேக்கரிக்காரங்கதான் தூக்கி ஆட்டோவுல ஏத்துனாங்க. இந்த நெலமையில நடக்க உடுவீங்களான்னு டாக்டரம்மா என்னைத்தான் வைஞ்சாங்க. ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வெச்சு, ரெண்டு நாள் படுக்க வெச்சுத்தான் அனுப்புனாங்க.

திரும்பி வாரப்ப ஆட்டோவை நேரா முன்வாசல்லயே நிறுத்தச் சொன்னேன். திருமூர்த்தி எட்டிப் பாத்தாரு. “நாங்க உங்க ஊட்டுக்குச் சாகறதுக்கு வரலீங்க, பொழைக்கறதுக்குத்தான் குடி வந்தோமுங்க”ன்னு சொல்லிப்போட்டேன். மனுசன் தலையை உள்ள இழுத்துக்கிட்டாரு. நீ வேற ஊடு பாருங்கன்னு எழுதியிருக்கே. பாக்காம இருப்பேனா? கணபதி, சிங்காநல்லூர்னு அலைஞ்சாச்சு. போற எடமெல்லாம் மொதக் கேள்வியே வயசு என்னங்கன்னுதான், அப்பறம் சொல்லி அனுப்பறோமுங்கன்னு கதவைச் சாத்திக்கறாங்க. இதுல அம்மா சீக்கை வெளிய சொல்லாதீங்கன்னு மாப்பிள்ளை சொன்னாருன்னு வேற எழுதியிருக்கே, அதைப் படிச்சு வயிறெரிஞ்சுபோச்சு. கட்டுன பொண்டாட்டி என்ன களவு சாமானா, ஒளிச்சு வெக்கறதுக்கு? அவர்கிட்டயும் இதைப் படிச்சுக் காட்டு, கோவிச்சுக்கிட்டாலும் பரவால்லை.

இன்னொண்ணு கேளு. நேத்துக் கஞ்சி குடிச்சுட்டே உங்கம்மா சொல்றா, “எனக்கு ரொம்ப முடியாமப் போச்சுன்னா பெரியாஸ்பத்திரியில கொண்டுபோயிப் போட்டுருங்க, அங்கன்னா யாருக்கும் தொந்தரவில்லீங்க.” என் கஞ்சியை அப்படியே கீழ வெச்சுப்போட்டேன் அம்மணி. மாசம் பொறந்தா வாடகையைக் கையில குடுத்துக் குடியிருக்கறவ சாகறதுக்கும் கூச்சப்படோணுமா? இத்தனை வருசம் என்கூட எல்லாத்துக்கும் மல்லுக்கு நின்னவ, இதுக்கு மட்டும் தலையாட்டிட்டு ஒக்காந்திருக்கா.

பொங்கலுக்கு லீவு கெடைக்கலைன்னு எழுதாதே, வந்துரு. பேரனுக்குச் சளி புடிக்காமப் பாத்துக்க, காது மூடுற குல்லா போட்டு உடு. உங்களுக்கு ஆண்டவன் நெறைஞ்ச ஆயுசும் தெம்பும் குடுக்கட்டும். வந்து உங்கம்மா பக்கத்துல ஒக்காந்து, அவ யாருக்கும் தொந்தரவில்லைன்னு உன் வாயால சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா.

உன் அப்பா,
சென்னிமலை