குலுக்கலில் போன வார்டு

ரெட்டியார்சத்திரம்,
திங்கள் காலை

அன்பு மகனுக்கு,

“ஒரு ஓட்டுல என்னம்மா ஆகப்போகுது?” என்று கோவையிலிருந்து போனில் கேட்டாய். ஓட்டுக்கு விட்ட லீவில் குடும்பத்தோடு கன்னியாகுமரி கிளம்பிக்கொண்டிருந்தாய். உன் கார் நம் ஊரைத் தாண்டித்தான் போயிருக்கும். அதைக் கேட்கமாட்டேன்.

நம் வார்டில் எனக்கும் பாண்டியராஜுக்கும் தலா நூற்றுநாற்பத்தொரு ஓட்டு. அதிகாரி இரண்டு பெயரையும் சீட்டில் எழுதி, குலுக்கி, ஒன்றை எடுத்தார். அவன் பெயர் வந்தது.

முப்பத்துநான்கு மார்க் வாங்கிய பிள்ளைகளின் விடைத்தாளை மறுபடி புரட்டி, ஒரு மார்க்கைத் தேடிப்பிடித்துப் பாஸ் போட்டவள் நான். பாண்டியராஜும் அப்படித் தேறியவன்தான்.

“ஏன் டீச்சர், உங்க மகனே ஓட்டுப் போட வரலையாமே?” என்றான். உனக்குக் காய்ச்சல் என்றேன். நீ அன்றைக்கு ஃபேஸ்புக்கில் போட்ட படத்தை நீட்டினான். “காய்ச்சல்காரரு அலையில நல்லாத்தான் குதிக்கிறாரு!” எல்லோரும் சிரித்தார்கள், எனக்காக வேலை பார்த்தவர்களும்தான்.

பிள்ளைகளுக்குக் கடல் பிடித்ததா? வெயிலில் கறுத்திருப்பார்கள்.

அடுத்தமுறை வரும்போது, நம் தெருவில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, “எங்க அம்மாவுக்கு ஓட்டுப் போட்டதுக்கு நன்றி” என்று சொல்லிப் பார்.

உன் அம்மா