பட்டம் பிடிக்க ஓர் ஆள்

அன்பு மகளுக்கு,

கரையில் பட்டம் கிளம்பும்போது முப்பது மீட்டருக்குள் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் நிற்கக் கூடாது என்று எழுதியது நீதான். உன் துறை அனுப்பிய வரைவுச் சட்டத்தை உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள், பதினோராம் விதியைப் படித்ததுமே அது உன் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றபடி நான் நலம், முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் தம்பியும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குகிற இந்தக் கைட் போர்டிங்குக்குச் சட்டமே கூடாது என்று கத்துகிறவள் இல்லை நான். குளிக்கிறவர்கள் பக்கம் பட்டம் போகக் கூடாது, கற்றுத்தருகிறவன் பதிவு செய்திருக்க வேண்டும், தலைக்கவசம் வேண்டும், எல்லாம் சரி. போன மாதம்கூட ஒரு பல் டாக்டர் குழந்தைகளுக்கு நடுவில் பலகையோடு வந்து விழுந்தார், ஏன்யா, கடல் என்ன உங்க கிளினிக் வராந்தாவா என்று நான் கேட்டதில் மறுநாள் ஆளையே காணோம். ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஓட்டல் மாடியில், மதியம் இரண்டு மணிக்கு வைத்தீர்களே, அது என்ன நியாயம்? அப்போதுதான் காற்று எழும், கற்றுத்தருகிற பிள்ளைகள் எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். ஏசி அறையில் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, ஆட்சேபம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வேலைக்குப் போனவன் வரவில்லை என்றால் சம்மதித்துவிட்டான் என்றா அர்த்தம்?

பட்டத்துக்கும் ஓட்டுகிறவன் இடுப்புக்கும் நடுவே இருபத்து நாலு மீட்டர் கயிறு. அந்த முனையில் ஒருவர் பட்டத்தைப் பிடித்து நிற்க வேண்டும், அவன் கட்டைவிரலைக் காட்டினால் விட வேண்டும், கயிறு சிக்கியிருந்தால் விடவே கூடாது. கிழிந்த பட்டங்களைத் தைத்துத் தருவதோடு பதினைந்து வருஷமாக இந்த வேலையும் நான்தான் செய்கிறேன். உன் விதிப்படி நான் அந்த முனையில் நிற்கவே கூடாது.

பட்டம் ஓட்டக் கிளம்பிய உன் தம்பி அதைப் படித்துவிட்டு, அம்மா, நீ தள்ளி நில்லு, அக்கா எழுதுனத நாமளே மீறுனா நாலு பேரு சிரிப்பாங்க என்றான். ஆள் பிடிப்பதற்குப் பதிலாகப் பட்டத்தின் ஓரத்தில் மணலை அள்ளிப் போட்டுவிட்டு, கயிற்றின் மறுமுனைக்கு வந்து தானே அதை இடுப்பில் மாட்டினான். நான் சட்டத்துக்கு அடங்கித் தூரத்தில் நின்றேன். ஒரு கயிறு முறுக்கியிருந்ததைப் பார்த்தேன், கத்தினேன், காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. மணல் சரிந்து பட்டம் எகிறியது, அவனைத் தரதரவென்று இழுத்துப்போய் வேலிக் கம்பத்தில் அடித்தது. தோள்பட்டைக் காறையெலும்பில் விரிசல், ஆறு வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாதாம். சைக்கிளில் விழுந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னானே, அது பொய். அக்காவுக்குத் தெரிய வேணாம்மா, பாவம், மனசு ஒடிஞ்சு போயிடும் என்று என்னிடம் சத்தியம் கேட்டான், நான் செய்யவில்லை.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்பதும் எனக்குத் தெரியும். பள்ளிச் சீருடையோடு நீ பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கயிறு என் சுண்டுவிரலை அறுத்தது. கையில் துண்டைச் சுற்றி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனவளும் நீதான். ஆனால் அன்றைக்கு நான் பட்டத்தின் விளிம்பைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடித்தேன், தப்பு என்னுடையது. கயிற்றைத் தொடாதே என்று விதி எழுது, ஒத்துக்கொள்கிறேன். என் விரலுக்காக நீ பட்ட பயத்தைச் சட்டமாக்கி ஊரான் பிள்ளைகள் தலையில் கட்டாதே.

கோபத்தில் எழுதவில்லை, தையல் மெஷின் மேல் தாளை வைத்து நிதானமாகத்தான் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். வரைவு இருபதாம் தேதி மேலிடத்துக்குப் போகிறது என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. போன வாரம் போனில் இந்த விதியைப் பற்றிக் கேட்டேன், மீட்டிங்ல இருக்கேம்மா, சாப்டியா என்றாய். சாப்பிட்டேன். பட்டம் பிடிக்க ஓர் ஆள் நிற்கலாம் என்று அந்த விதியைத் திருத்துவாயா மாட்டாயா, அதற்குப் பதில் சொல்.

உன் அம்மா