டாக்டரம்மாவின் காரில் வட்டக் கீறல்கள்

பாய்,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் புதுக் காரை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மேற்கு மாம்பலத்துப் புழுதி முழுக்க வண்டிமேல் கிடந்தது. "முதல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க சார்" என்றேன். "இதுல என்ன ஆயிடப்போகுது?" என்று சிரித்தார். நீ கண்ணை மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யுத்த காலம் அது. மயிலாப்பூர் டாக்டரம்மாவிடம் நான் டிரைவராகச் சேர்ந்து மூன்று மாதம். நொச்சிக்குப்பத்தில் அவருக்கு நோயாளிகள் அதிகம். திரும்பி வந்ததும் வண்டிமேல் படிந்த கடற்கரை மணலை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பேன். பளபளப்பாகத்தான் தெரியும். ஒருநாள் உச்சி வெயிலில் டாக்டரம்மா வண்டியின் முன்பக்க பானட்டைப் பார்த்துவிட்டார். கறுப்புப் பெயிண்ட் முழுக்க மெல்லிய வட்ட வட்டக் கீறல்கள்.

"போன மாசம் பாலிஷ் போட்டவன் வேலையா இது?"

வீட்டில் மனைவி நிறைமாதம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் "ஆமாம்மா" என்றேன். பாலிஷ் போட்டவன் நீ.

வண்டியை லஸ் பக்கத்திலிருந்த உன் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ குனிந்து பார்த்தாய். சீட்டுக்கடியில் இருந்த என் துணியை எடுத்து, ஒரு செய்தித்தாளின்மேல் உதறினாய். மணல் சரசரவென்று கொட்டியது.

"இன்னா நைனா, இத்த வச்சிக்கினா தொடைக்கிற?"

நான் துணியை வாங்கிச் சுருட்டிக்கொண்டேன். நீ அதற்குமேல் கேட்கவில்லை.

புதுப் பெயிண்ட் கிடைக்காத காலம். இருக்கிற பெயிண்டைக் காப்பாற்றியாக வேண்டும். முதலில் வண்டியைக் கழுவினாய். பிறகு சுழலும் தட்டில் ஆட்டு ரோமம் கட்டிய மின்சார மிஷினில் பாலிஷ் பசையைத் தடவி, உள்ளங்கை அளவு இடத்தில் ஓட்டிப் பார்த்தாய். ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி நான் நின்றேன். ஓரிடத்திலும் மிஷினை நிற்கவிடவில்லை நீ. அடிக்கடி புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாய். "நின்னா பெயிண்டு வெந்துடும். அப்பால தகரம்தான் தெரியும்" என்றாய். விளிம்புகளுக்கு மிஷினே கூடாதென்று கையாலேயே தேய்த்தாய். வெள்ளை ரோமம் கறுத்துக்கொண்டே வந்தது. இரண்டு நாள் வேலை. வெயிலில் தள்ளி நிறுத்திப் பார்த்தோம். பானட்டில் சூரியன் ஒரே புள்ளியாகத் தெரிந்தது. சுற்றிலும் ஒரு கீறல்கூட இல்லை.

வண்டியை எடுக்க டாக்டரம்மாவே வந்தார். உன் ஆட்கள் நான்கு பேர் எதிரில், "இப்ப சரியா இருக்கு. மொதல்லயே கவனமா செஞ்சிருக்கலாமே?" என்றார். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "சரிம்மா" என்றாய்.

சாந்தோம் வரைக்கும்தான் என்னால் ஓட்ட முடிந்தது. ஓரமாக நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். 

"வண்டியைத் திருப்பு" என்றார் டாக்டரம்மா.

அதே நான்கு பேர் எதிரில் அவர் உன்னிடம், "தப்பாப் பேசிட்டேன் பாய், மன்னிச்சுக்குங்க" என்றார். நீ கையிலிருந்த மிஷினை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினாய். அவர் காரில் ஏறியதும் என்னிடம் வந்தாய்.

"அப்ப அங்க நிக்கசொல்ல வாய் இல்லியா உனுக்கு?"

அவ்வளவுதான். என் வேலை போகவில்லை. மகள் பிறந்த செய்தியோடு நான் வந்தபோதுதான் நீ மறுபடி என்னோடு பேசினாய். அதற்குப் பிறகு நம் இரண்டு வீடுகளிலும் நடந்த கல்யாணங்களில் நீயோ நானோ இல்லாமல் ஒன்றுகூட நடக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, உன் மூத்த மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அத்தாவும் நீங்களும் எப்படி மாமா சிநேகமானீங்க?" என்று கேட்டான்.

"உனக்குத் தெரியாதா?"

"கேட்டா, 'வண்டி கொண்டாருவான், அப்படிப் பழக்கம்'னு மட்டும் சொல்லுவாரு."

இத்தனை வருஷம் வீட்டில்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாய்.  தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நான் சொன்ன அந்தப் பொய்யிலிருந்து ஆரம்பித்து உன் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.