நூற்று நான்கு கிலோ

மார்ச் 9, 2009

காலையில் பள்ளிக் கேண்டீனில் இறைச்சி அடைத்த பை ரொட்டி எழுபது சூடாக்கினேன். பதினொன்று கருகிவிட்டது. மதியம் அண்ணன் நெவிலை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். முப்பது வருஷம் மெக்கானிக். பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியைக் காற்றுக்குழாயால் ஊதித் தள்ளுவான், விசிலடித்துக்கொண்டே. அந்தத் தூசிதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஜூனில் வரும் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர்.

வீடு திரும்பும்போது சொன்னான். “அந்தக் கறுப்புச் சவ வண்டில என்னை ஏத்தாத ராலீன். என் வண்டிலயே கொண்டு போ.”

அவன் வண்டி அறுபத்து நாலாம் வருஷத்து ஹோல்டன் வேகன், பின்னால் சாமான் ஏற்றும் நீளக் கார். பதினோரு வருஷமாகக் கொட்டகையில் கிடக்கிறது. வேலிக்கருகே, வந்த வேலையை முடிக்க உட்காரும் நாய் மாதிரி பின்பக்கம் பதிந்துபோயிருக்கும்.

“பின்னாடி தொங்கிக்கிட்டுப் போனா ப்ரோக்கன் ஹில் ஊரே சிரிக்கும். பாரம் தாங்குற பட்டை ஸ்பிரிங்கும் குதிப்பை அடக்குற ஷாக்கும் மாத்து. சமமா நிக்கணும்.”

“யாரு மாத்துறது?”

“நீதான். உனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுதுன்னு ஊர்ல பேச்சு. கையும் இருக்கான்னு பாப்போம்.”

எனக்கு வயது ஐம்பத்தைந்து. குனிந்தால் நிமிர ஒரு ஆள் வேண்டும்.

மார்ச் 14

பின் பம்பரை அழுத்திவிடச் சொன்னான். வண்டி ஏழு தடவை குதித்தது. நல்ல ஷாக் என்றால் ஒரு குதியில் அடங்குமாம்.

“செத்துப்போச்சு,” என்றான். பிறகு இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

மார்ச் 17

அடிலெய்டில் ஸ்பிரிங் அடித்துத் தரும் சில்வானோ என்பவருக்குப் போன் செய்தேன். பின்னால் வழக்கமாக என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டார்.

“ஒரு பெட்டி. உள்ள ஒரு ஆள்.”

“தப்பா நினைக்காதீங்கம்மா. ஆள் எத்தனை கிலோ?”

நேற்று நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டு கண்ணெதிரே ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. அறுபத்தெட்டு.

நூற்று நான்கு என்றேன்.

மது பார் கோஷ்டிகளின் கயிறிழுப்புப் போட்டியில் நெவில் கடைசி ஆளாக இடுப்பில் கயிறு சுற்றி நிற்பானே, அப்போதைய கணக்கு அது. ஏன் சொன்னேன்? அறுபத்தெட்டு என்றால், இன்றைக்கு அறுபத்தெட்டு, அன்றைக்கு எவ்வளவு என்று நானே யோசிக்க வேண்டியிருக்கும். அதனால்தானோ.

மார்ச் 28

வண்டியை ஜாக்கியில் தூக்கிக் கட்டையில் நிறுத்திக் கீழே படுத்தாயிற்று. போல்ட்டுகள் துருவேறிக் கல்லாகிவிட்டன. நெவில் போர்வையும் ஆக்சிஜன் குழாயுமாக நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறான்.

“தீய வச்சா ரெண்டு நிமிஷத்துல கழண்டுரும்டி.”

“உன் பக்கத்துல சிலிண்டர் இருக்கு அண்ணே. ரெண்டு பேரும் சேர்ந்தே போயிருவோம். பெட்டி ஒண்ணுதான் சொல்லிவச்சிருக்கு.”

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இனி அவனைச் சிரிக்க வைக்கக் கூடாது. அதை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

பக்கத்து வீட்டு டெல்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “ராலீன், கால் மட்டும்தான் தெரியுது. உயிரோட இருக்கியா?” சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் சொல்லியிருப்பாள். நானாக இருந்தால் மதியத்துக்குள் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 5

இரண்டு பக்கமும் கழன்றது. விரல் முட்டியில் தோல் இல்லை. பழைய ஸ்பிரிங் இரண்டையும் வேலியோரம் இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனம். பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்காரனைக் கூப்பிடு என்றான் நெவில். பாம்பு வந்து தங்கும் என்றாள் டெல்மா. தங்கட்டும், வாடகை கேட்கிறேன்.

ஏப்ரல் 19

புது ஸ்பிரிங், புது ஷாக் எல்லாம் மாட்டியாயிற்று. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டேன் என்று ஒரு மணி நேரம் திட்டு.

“கழுதை, வண்டி தரையில நின்னு தன் பாரத்தைத் தாங்குறப்பதான் இறுக்கணும். இல்லாட்டி போல்ட்டைச் சுத்தியிருக்குற ரப்பர் புஷ் கிழிஞ்சிரும்.”

தளர்த்தி, இறக்கி, மறுபடி இறுக்கினேன். திட்டும்போது அவன் குரலில் பழைய தெம்பு இருந்தது. இன்னும் நாலு தப்பு பண்ணியிருக்கலாம்.

ஏப்ரல் 26

வெளியே தள்ளிப் பார்த்தோம். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நெவில் பின்கதவைத் திறக்கச் சொன்னான், உள்ளே ஏறிப் படுத்தான். ஏறவே அரை மணி.

“எவ்ளோ எறங்குச்சு?”

“நல்லா எறங்குச்சு.”

“அளவு சொல்லுடி.”

“ஒரு விரல்.”

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஸ்பிரிங் ஆள்கிட்ட எத்தனை கிலோன்னு சொன்ன?”

சொன்னேன்.

“அந்த ஆளு நல்லா சாப்பிடுவான்,” என்றான்.

பிறகு, ஒவ்வொரு பக்கமும் ஸ்பிரிங் அடுக்கிலிருந்து ஒரு பட்டையை உருவிவிட்டால் சமமாகிவிடும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றான். கழற்றுகிறேன் என்றேன். அவனை வெளியே தூக்கும்போது பார்த்தால் என் ஒருத்தியாலேயே முடிந்தது.

மே 11

வண்டியைத் தொடவில்லை. கஞ்சி, மாத்திரை, படுக்கை விரிப்பு, கேண்டீன்.

மே 24

மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

“பட்டை உருவிட்டியா?”

“உருவிட்டேன் அண்ணே.”

“சமமா நிக்குதா?”

“தண்ணி டம்ளர் வச்சா சிந்தாது.”

கையைத் தட்டிக்கொடுத்தான். ஊரில் யாரைப் பற்றியெல்லாமோ எத்தனையோ கதை கட்டியிருக்கிறேன். இதை மட்டும் ஏன் நம்பினான்? இல்லை, நம்பவில்லையா?

ஜூன் 3

காலை பத்து இருபது. நான் கேண்டீனில் பை ரொட்டி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9

ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். நாலு பேர் போதுமாயிருந்தது. வேகனில் ஏற்றிப் பின்கதவை மூடினோம்.

பின்பக்கம் இறங்கவில்லை. தெருவே நின்று பார்க்கிறது, வண்டி கல்யாணக் கோழி மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டம்ளர் வைத்தால் சிந்தாது என்று நான்தானே சொன்னேன். கல்லறைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் அது. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பிறகு விறுவிறுவென்று வேலியோரம் போனேன். கறுப்புப் பாவாடையோடு பழைய ஸ்பிரிங்கில் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். டெல்மா ஓடிவந்தாள். என்ன ஏது என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்காமல் மறு முனையைப் பிடித்தாள். பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவன் மேசையிலிருந்து விரிப்பை எடுத்து மூடினோம்.

வண்டி மெல்ல இறங்கியது. கண்ணால் பார்த்தேன், விரலாலும் அளந்தேன். சமம்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது ஒரே ஒரு குதி. அடங்கிவிட்டது.

ஜூன் 27

ஆக்கர்காரன் வந்திருக்கிறான், வண்டியில் கிடக்கும் அந்த இரும்பை இறக்கிக் கொடுத்துவிடு என்றாள் டெல்மா.

அடுத்த தடவை வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். இறக்கினால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும்.